முப்பத்தேழாவது இடத்தில் விழுப்புரம்: இணையப் பக்கத்தை மாணவர் கண்ணால் பார்ப்போம்

திண்டிவனத்தில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி, தன் அப்பாவின் கைபேசியில் ஓர் இணைய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மாவட்டம்' என்ற கட்டத்தைத் தொட்டதும் நீண்ட பட்டியல் ஒன்று விரிகிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் அகர வரிசையில் அதில் இருக்கின்றன. அரியலூரில் தொடங்கி, விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போகிறாள். ஆங்கில அகர வரிசையில் வேலூருக்கும் விருதுநகருக்கும் இடையே 37-ஆவதாக விழுப்புரம் வருகிறது. தமிழ் அகர வரிசையில் விருதுநகர் முன்னும் வேலூர் பின்னும் இருக்க, அப்போதும் விழுப்புரம் 37-ஆவதுதான். எந்த மொழியில் திறந்தாலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கடைசிக்கு முந்திய படி வரை இறங்கித்தான் ஆக வேண்டும்.

விரல் சற்று வழுக்கினால் விருதுநகர் பதிவாகிவிடும். அவள் கவனிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள். விண்ணப்பம் திரும்பி வரும்போது, "பார்த்து நிரப்பக் கூடாதா?" என்று அவளைத்தான் கடிந்துகொள்வோம். பட்டியலை அப்படி அமைத்தவரைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். இணையப் பக்கத்தில் ஒருவர் தடுமாறினால் முதலில் பக்கத்தின் அமைப்பைச் சோதிக்க வேண்டும். பிறகுதான் அவருடைய திறமையைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பார்வையை மாணவர்களிடம் வளர்க்க முடியும். கணினி ஆசிரியர்கள் மட்டுமல்ல, தொடக்க நிலை ஆசிரியர்களும் வளர்க்கலாம்.

நமக்குத் தெரிந்த கலைதான்

கரும்பலகையில் எழுதும்போது கடைசி வரிசை மாணவருக்கும் தெரிகிறதா என்று பார்க்கிறோம். தலைப்பைப் பெரிதாக எழுதி அடிக்கோடிடுகிறோம். வினாத்தாள் தயாரிக்கும்போது ஒரு கேள்விக்கு இரண்டு பொருள் வந்துவிடாதபடி சொற்களைத் தேர்கிறோம். இவையெல்லாம் வடிவமைப்பு முடிவுகளே. இணையப் பக்கத்தில் இதே வேலைக்குப் 'பயன்பாட்டு எளிமை' என்று பெயர்.

அமெரிக்க அறிஞர் டான் நார்மன் 1988-இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தள்ள வேண்டிய கதவை மக்கள் இழுக்கிறார்கள் என்றால், குற்றம் மக்களிடம் இல்லை, கதவின் கைப்பிடியில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். கைப்பிடி இருந்தால் கை இழுக்கத்தான் செய்யும். தட்டையான தகடு இருந்தால் தள்ளும். 'தள்ளு' என்று எழுதி ஒட்ட வேண்டிய நிலை வந்தாலே கதவு சரியில்லை என்று பொருள். நம் மாணவி பார்த்த பட்டியலும் அப்படிப்பட்ட ஒரு கதவுதான்.

அதைத் திருத்துவது கடினமன்று. கட்டத்தில் 'விழு' என்று தட்டியவுடனேயே விழுப்புரம் மேலே வரும்படி செய்யலாம். அல்லது அஞ்சல் குறியீட்டு எண்ணை முதலில் கேட்கலாம். 604001 என்று இட்டால் திண்டிவனம் என்றும், 605602 என்று இட்டால் விழுப்புரம் என்றும் கணினியே நிரப்பிவிடும். சில குறியீட்டு எண்கள் மாவட்ட எல்லையைத் தாண்டியும் செல்லக்கூடும் என்பதால், கணினி நிரப்பியதைத் திருத்தும் வசதியும் இருக்க வேண்டும்.

நல்ல முன்மாதிரி நம் கையருகிலேயே உண்டு. பொதுத்தேர்வு முடிவு பார்க்கும் பக்கம் கேட்பது பதிவெண், பிறந்த தேதி ஆகிய இரண்டை மட்டுமே. முடிவு வெளியாகும் நாளில் பதற்றத்தோடு திறக்கும் மாணவரும் தடுமாறாமல் இருக்க அந்தச் சுருக்கம் உதவுகிறது. தேவையான வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்பது முதல் விதி.

மூன்று கட்டங்கள், மூன்று குழப்பங்கள்

*மாவட்டம்.* தென் ஆற்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே 1990-இல் திண்டிவனத்தில் பிறந்த ஆசிரியரின் பழைய சான்றிதழில் தென் ஆற்காடு என்று இருக்கும். 2012-இல் கள்ளக்குறிச்சியில் பிறந்த மாணவரின் பிறப்புச் சான்றிதழில் விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கும். படிவத்தில் 'மாவட்டம்' என்று மட்டும் கேட்டால் இருவரும் எதை நிரப்புவார்கள்? 'இப்போது வசிக்கும் மாவட்டம்', 'பிறப்புச் சான்றிதழில் உள்ள மாவட்டம்' என்று பிரித்துக் கேட்டால் குழப்பம் தீரும். இரண்டாவது கட்டத்துக்கான பட்டியலில் பழைய மாவட்டப் பெயர்களும் இருக்க வேண்டும்.

*பெயர்.* 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கும் படிவங்கள் உண்டு. இந்த அமைப்பு வேறு நாட்டுப் பெயர் மரபிலிருந்து வந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும். குடும்பப் பெயர் கட்டத்தில் ஒருவர் அப்பாவின் பெயரை எழுதுகிறார். இன்னொருவர் தலைப்பெழுத்தை எழுதுகிறார். மற்றொருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்து எழுதுகிறார். பின்னாளில் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போகாமல் அலைய நேர்கிறது. 'பெயர் (மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி)', 'தலைப்பெழுத்து' என்று கேட்டால் போதும்.

*தேதி.* 05/06/2012 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் அமைந்த நாட்காட்டிக்கு மே 6. நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டங்களாகப் பிரித்து, மாதத்தைப் பெயரால் காட்டினால் ஐயமே எழாது.

தேடும் கட்டத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. விழுப்புரம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் ஒரே முறை இல்லை. ரயில் நிலையப் பெயரில் 'எல்' இரண்டு, 'பி' ஒன்று. மாவட்ட இணையதள முகவரியில் 'எல்' ஒன்று, 'பி' இரண்டு. 'ழ'கரத்துக்கு 'இசட் எச்' போட்டு எழுதுவோரும் உண்டு. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் அரசாணை வந்தது. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டல் ஒருபடித்தாகும் வரை மக்கள் காத்திருக்க முடியாது. எந்த வகையில் எழுதித் தேடினாலும் ஊரைக் கண்டுபிடித்துத் தருவது பக்கத்தின் பொறுப்பு.

பிழையைச் சொல்லும் முறை

மாணவர் விடைத்தாளில் வெறும் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அவர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். எங்கே பிழை, ஏன் பிழை, எப்படித் திருத்துவது என்ற மூன்றும் அவருக்குத் தெரிய வேண்டும். படிவமும் அப்படித்தான் பேச வேண்டும். 'உள்ளீடு செல்லாது' என்ற அறிவிப்பால் பயனில்லை. 'கைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும். நீங்கள் 9 இலக்கங்கள் இட்டுள்ளீர்கள்' என்பது உதவும். அந்தச் செய்தி எண்ணை நிரப்பிய கட்டத்துக்கு அருகிலேயே தோன்ற வேண்டும். ஒரு பிழைக்காக, ஏற்கெனவே நிரப்பிய இருபது கட்டங்களையும் அழித்துவிடும் படிவம், ஒரு கணக்கு தவறியதற்காக விடைத்தாள் முழுவதையும் கிழித்துப் போடும் ஆசிரியரைப் போன்றது.

கண்ணும் விரலும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை எண்ணால் அளக்க முடியும். வெள்ளையில் கருப்பு எழுத்துக்கு அந்த விகிதம் 21:1. இதுவே உச்சம். இணைய அணுகல்தன்மைக்கான உலகளாவிய நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது. வெள்ளையில் தூய மஞ்சளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.07 மட்டுமே. நாம் 'முக்கிய அறிவிப்பு' என்று ஆசையோடு பயன்படுத்தும் தூய சிவப்புகூட வெள்ளையில் ஏறத்தாழ 4:1 தான்; தேவையான அளவைத் தொடவில்லை. சற்று அடர்ந்த சிவப்பாக மாற்றினால் போதும். நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று திரையைப் பார்க்கும் ஒருவருக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது. 'சிவப்பில் உள்ள கட்டங்களை நிரப்பவும்' என்றால் நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கு அது வெறும் புதிர். 'கட்டாயம்' என்ற சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும்.

தமிழுக்கென்று தனிக் கவனமும் தேவை. நம் எழுத்துகளுக்கு மேலே 'கீ' போலக் கொம்பும், கீழே 'மூ' போல வளைவும் நீள்கின்றன. ஆங்கிலத்துக்கு ஏற்ற வரி இடைவெளியில் தமிழை அடைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரி இடைவெளி படிக்க இதமாக இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்பது 'சமர்ப்பி...' என்று அறுபடும். 'அனுப்பு' என்று எழுதினால் இடமும் மிச்சம், பொருளும் தெளிவு.

அடுத்தது விரல். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஓர் உண்மையை அளந்து காட்டினார்: இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருந்தால் அதைத் தொட அதிக நேரமாகும். கைபேசிப் பொத்தான்களுக்கும் இது பொருந்தும். 2023-இல் வெளியான அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு, தொடும் இடம் பொதுவாக 24 பிக்சல் அகலமும் உயரமும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறது; அதே நெறிமுறையின் உயர்நிலை அளவு 44 பிக்சல். 'அனுப்பு', 'அழி' ஆகிய இரண்டு பொத்தான்களையும் ஒட்டி ஒட்டி வைக்கக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

பக்கத்தின் எடை

பள்ளி ஆண்டு விழாப் படங்கள் பத்தைக் கைபேசியில் எடுத்தபடியே இணையப் பக்கத்தில் ஏற்றுகிறோம். ஒரு படம் 4 மெகாபைட் என்றால் பக்கத்தின் எடை 40 மெகாபைட், அதாவது 320 மெகாபிட். இணைய வேகம் வினாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே கிடைக்கும் ஒரு சிற்றூரில், அந்தப் பக்கம் முழுதாகத் திறக்க 320 வினாடிகள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு படத்தையும் 150 கிலோபைட்டாகச் சுருக்கினால் மொத்தம் 1.5 மெகாபைட், 12 வினாடிகளில் திறந்துவிடும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புக் கணிதப் பாடவேளையிலேயே செய்து பார்க்கலாம்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வினாடிக்குள் பக்கம் பதில் தந்தால் எண்ண ஓட்டம் தடைபடாது. பத்து வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குமேல் நேரம் எடுக்குமானால் 'பதிவாகிறது, காத்திருக்கவும்' என்றாவது திரை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாணவர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார். ஒரே விண்ணப்பம் மூன்று முறை பதிவாகும்.

படமாகிப்போன எழுத்து

சுற்றறிக்கையை அச்சிட்டு, அதை ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் பரவலாக உள்ளது. கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கு அது வெறும் படம். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. கைபேசித் திரைக்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளை மடக்கிப் படிக்க முடியாது. பார்வைத்திறன் குறைந்த மாணவரும் ஆசிரியரும் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பெரும்பாலும் வாசிக்காது. விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருளும், ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள டாக்பேக் வசதியும் தமிழ் வாசிக்க வல்லவை. ஆனால் வாசிக்க அங்கே எழுத்து இருக்க வேண்டும்.

1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தமிழுக்கான குறியீட்டு முறையாக ஏற்றது. எனவே பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து படமாக மாற்றும் தேவை இப்போது இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து நேரடியாக ஏற்றினாலே மூன்று குறைகளும் ஒருசேரத் தீரும்.

இது கருணையால் செய்யும் உதவி அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு வடிவத் தகவல்களும் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளிவந்தன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களின் இணையதளங்கள் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஒரே பொதுச் சட்டகத்தில் அமைந்தவை. மொழி மாற்றும் பொத்தான், எழுத்தளவைக் கூட்டும் வசதி, 'முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்' என்ற இணைப்பு ஆகியவை அவற்றில் உள்ளன. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே அமைப்பு என்பதால், விழுப்புரம் தளத்தில் பழகியவர் கடலூர் தளத்திலும் தடுமாற மாட்டார். ஒருமைப்பாட்டின் பயனை விளக்க வகுப்பில் இவற்றையே திறந்து காட்டலாம்.

வகுப்பறைச் செயல்பாடு: காகிதத்தில் ஓர் இணையப் பக்கம்

*தேவை:* வெள்ளைத் தாள், பென்சில், அழிப்பான். கணினி வேண்டாம். *காலம்:* மூன்று பாடவேளைகள். *வகுப்பு:* 6 முதல் 12 வரை.

முதல் பாடவேளை: மாணவர்களை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். 'பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுக்கப் பதிவு செய்தல்' என்ற வேலைக்கான கைபேசித் திரைகளைக் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். ஒரு திரைக்கு ஒரு தாள். பிழைச் செய்தி காட்டும் திரையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் பயனராக வருவார். அவர் தாளில் 'பொத்தானை' விரலால் தொடும்போது, குழுவில் ஒருவர் 'கணினி'யாக இருந்து அடுத்த தாளை எடுத்து வைப்பார். மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். ஒரே ஒரு விதி: குழுவினர் வாய் திறக்கக் கூடாது. "இங்கே தொடு" என்று சொல்லத் துடிக்கும் இடம்தான் பக்கத்தில் குறை உள்ள இடம். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஐந்து பயனர்களைக் கொண்டு சோதித்தால் போதும். பயன்பாட்டு எளிமைத் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-இல் விளக்கியிருக்கிறார்.

மூன்றாம் பாடவேளை: கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் வரைந்து, புதிய பயனரிடம் சோதிக்கச் செய்யுங்கள். அவர் வீட்டில் உள்ள பாட்டியாகவும் இருக்கலாம்.

மதிப்பிடும்போது படத்தின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். பயனர் வேலையை முடித்தாரா, எத்தனை முறை தவறான இடத்தைத் தொட்டார், முதல் சோதனைக்குப் பின் குழு எதை மாற்றியது, ஏன் மாற்றியது ஆகியவற்றைக் கேளுங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். படிக்கும் மாணவர்கள், காகிதத்தில் தேறிய வடிவத்தையே நிரலாக எழுதலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு வேறு தொடக்கம் உண்டு. "விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் போகும் பேருந்தை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். பெயர்ப் பலகை, நிற்கும் இடம், நடத்துநரின் குரல், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். "படிக்கத் தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண் தெரியாதவர்?" என்று தொடருங்கள். ஒரே செய்தியைப் பல வழிகளில் தர வேண்டியதன் தேவையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நம் படிவங்களையும் பார்ப்போம்

பெற்றோருக்கும் மாணவருக்கும் நாமும் கூகுள் படிவங்கள் அனுப்புகிறோம். அனுப்பும் முன் ஐந்து கேள்விகள்:

1. பள்ளியிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை மறுபடியும் கேட்கிறேனா?
2. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பொருள்தானா?
3. சிறிய கைபேசியில் நானே ஒரு முறை நிரப்பிப் பார்த்தேனா?
4. தவறாக நிரப்பினால் திருத்த வழி உண்டா?
5. அனுப்பிய பின் 'பதிவாகிவிட்டது' என்று தெளிவாகத் தெரிகிறதா?

திண்டிவனத்து மாணவிக்குத் திரும்புவோம். படிவம் புரியாவிட்டால் அவள் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவாள். அங்கே கட்டணம் மட்டும் கொடுப்பதில்லை. ஆதார் எண்ணையும், கடவுச்சொல்லையும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லிவிட்டு வருகிறாள். தன் விண்ணப்பத்தில் என்ன நிரப்பப்பட்டது என்பதே அவளுக்குத் தெரியாமல் போகலாம். தெளிவான படிவம் கிடைத்தால், அதே வேலையைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தானே படித்துப் பார்த்து முடிப்பாள்.

அந்தத் தளங்களை எல்லாம் நம்மால் மாற்றிவிட முடியாது. ஆனால் "எனக்குத் தெரியவில்லை" என்று கூசி நிற்கும் மாணவரை, "இந்தப் பக்கத்தில் எது சரியில்லை?" என்று கேட்பவராக மாற்ற முடியும். அடுத்த வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, காகிதமும் பென்சிலுமாகத் தொடங்கிப் பாருங்கள்.